விரியும் கண்டெய்னர் வீடு: வாங்குமுன் போடவேண்டிய கணக்கு

மடித்திருக்கும்போது ஒரு பெட்டி. விரித்தால் இரண்டு அறையும் சமையலிடமும் குளியலறையும் அமைந்த ஒரு வீடு. சீன நாட்டு ஆலைகளில் உருவாகிக் கப்பலேறிப் பல நாடுகளுக்கும் செல்லும் இத்தகைய வீடுகளின் படங்கள் இந்நாளில் கைப்பேசி வழியே நம் சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்துள்ளன. படத்தின் கீழே ஒரு விலையும் காணப்படுகிறது. அவ்விலையைக் கண்டவுடன், தோட்டத்தில் ஒன்று வைத்தால் என்ன என்று உழவரும், சிறு அலுவலகமாகவோ தங்குமிடமாகவோ ஒன்று வாங்கினால் என்ன என்று ஊராட்சி உறுப்பினரும் எண்ணுதல் இயல்பே.

அவ்வெண்ணம் தவறு என்று நாம் கூறவரவில்லை. ஆனால் விளம்பரத்தில் உள்ள தொகை வீட்டின் விலையன்று. அது செலவுப் பட்டியலின் முதல் வரி மட்டுமே. நம் மனையில் வீடு நிலைபெற்று, விளக்கு எரிந்து, குழாயில் நீர் வரும் நாள் வரையில் ஆகும் தொகை முழுவதுமே அதன் விலை. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது இதற்கும் பொருந்தும். இக்கணக்கைப் படிப்படியாகப் போடும் முறையை இங்கே ஆராய்வோம்.

1. வாங்கும் பொருள் யாது?

1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து 58 பெட்டகங்களை ஏற்றிக்கொண்டு ஹூஸ்டன் நகருக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்பவர் தொடங்கிய அம்முறையே இன்று உலகக் கடல் வாணிபத்தின் அடிப்படையாய் விளங்குகிறது. பெட்டகத்தின் நீள அகலங்கள் உலகெங்கும் ஒரே அளவினவாகப் பின்னர் வகுக்கப்பட்டன. 20 அடிப் பெட்டகம், 40 அடிப் பெட்டகம் என்று நாம் சாலையில் காண்பவை இவையே.

நாம் பேசும் வீடு பழைய பெட்டகத்தை வெட்டிச் செய்ததன்று. துத்தநாகம் பூசிய எஃகுச் சட்டத்தில், இரு தகடுகளுக்கிடையே வெப்பத்தடைப் பொருள் பொதிந்த பலகைகளைப் பொருத்திப் புதிதாகச் செய்யப்படுவது. நடுவில் ஒரு கூடு. அதன் இருபுறமும் சுவர், தரை, கூரை ஆகியவை கீல்களில் மடிந்திருக்கும். பெருவழக்கிலுள்ள 20 அடி வகை, மடித்த நிலையில் ஏறத்தாழ 5.9 மீட்டர் நீளமும் 2.2 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உடையது. விரித்தால் அகலம் 6.2 மீட்டர் அளவுக்குப் பெருகும். அஃதாவது தரைப்பரப்பு சுமார் 37 சதுர மீட்டர். நம் கணக்கில் 400 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. இது வெளியளவு, உள்ளே கிடைப்பது இதனினும் குறைவு. விற்பவரிடம் உள்ளளவை எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

பலகையினுள் பொதிந்துள்ள பொருளும் விலையை மாற்றும். நாம் தெர்மகோல் என்று வழங்கும் பொருள் மலிவானது. ஆனால் தீப்பற்றக் கூடியது. பாறைக் கம்பளி விலை கூடியது, எரியாதது. மனிதர் உறங்கும் இடத்துக்கு எது வேண்டும் என்பதை விலையை மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது.

2. விலை என்ற சொல்லுக்கு மூன்று பொருள்

விற்பவர் விலை சொன்னவுடன், 'எந்த இடம் வரையிலான விலை?' என்று கேட்பதே முதற்பாடம். வெளிநாட்டு வாணிபத்தில் விலை பெரும்பாலும் மூன்று வகையாகச் சொல்லப்படுகிறது.

முதலாவது, ஆலை வாசல் விலை. இதில் ஆலையிலிருந்து அந்நாட்டுத் துறைமுகம் செல்லும் வண்டிக்கூலியும் அங்குள்ள ஏற்றுமதிச் செலவுகளும் வாங்குபவரைச் சேரும். இரண்டாவது, எஃப்.ஓ.பி. விலை. அந்நாட்டுத் துறைமுகத்தில் சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையிலான செலவு இதில் அடங்கும். மூன்றாவது, சி.ஐ.எஃப். விலை. நம் துறைமுகம் வரையிலான கப்பல் கூலியும் காப்பீடும் இதில் அடங்கும்.

மூன்றாவது வகையில் ஒரு நுட்பம் உண்டு. கப்பல் கூலியை விற்பவரே செலுத்தினாலும், சரக்கு கப்பலில் ஏறிய பிறகு நேரும் இழப்பின் பொறுப்பு வாங்குபவரையே சேரும். அவ்விழப்புக்கு ஈடு பெற வாங்குபவர் காப்பீட்டையே நாட வேண்டியிருக்கும். விற்பவர் எடுத்துத் தரும் காப்பீடு பெரும்பாலும் குறைந்த அளவினதாகவே இருக்கும். ஆகையால் எவ்வெவ் இழப்புக்கு ஈடு கிடைக்கும் என்பதைப் பணம் அனுப்புமுன் படித்தறிதல் வேண்டும்.

இம்மூன்றில் எதுவாயினும், நம் துறைமுகத்தில் இறக்கிய பின் ஆகும் செலவுகளும் நம் நாட்டு வரிகளும் விலையில் சேரா என்பதை நினைவிற் கொள்க.

3. கப்பல் கூலியில் ஒரு சிக்கனம்

மடித்த வீட்டின் உயரம் சுமார் 2.5 மீட்டர். சாதாரண 20 அடிப் பெட்டகத்தின் கதவு உயரம் சுமார் 2.28 மீட்டர்தான். எனவே வீடு அதனுள் நுழையாது. உயரம் மிகுந்த 40 அடிப் பெட்டகமே வேண்டும். அதன் உள்நீளம் சுமார் 12 மீட்டர். ஆகவே ஒரு பெட்டகத்தில் இரண்டு வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து அனுப்பலாம். ஒரே வீட்டை வாங்குபவர் மீதிப் பாதியைக் காலியாகவே விட்டு, முழுப் பெட்டகத்துக்கும் கூலி கொடுக்க நேரும். இருவர் சேர்ந்து வாங்கினால் கூலி பாதியாகும். கூலியின்மேல் விழும் வரியும் பாதியாகும். இதன் பயனைப் பின்னர்க் கணக்கில் காண்போம்.

4. சுங்கமும் வரியும்

நம் நாட்டில் சுங்க வரி, பொருளின் விலைக்கு மட்டும் கணக்கிடப்படுவதன்று. பொருள் விலை, கப்பல் கூலி, காப்பீடு ஆகிய மூன்றும் சேர்ந்த மதிப்புக்கே கணக்கிடப்படுகிறது. அம்மதிப்பின்மேல் முதலில் அடிப்படைச் சுங்க வரி; அவ்வரியின்மேல் நூற்றுக்குப் பத்தாகச் சமூக நலக் கூடுதல் வரி; இவையனைத்தையும் கூட்டி வரும் தொகையின்மேல் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி. வரியின்மேல் வரி என்று இதனைப் புரிந்துகொள்ளலாம்.

முன்னரே செய்யப்பட்ட கட்டடங்கள் சுங்கப் பட்டியலில் 9406 என்னும் தலைப்பில் வருவன. இக்கட்டுரையின் கணக்கில் அடிப்படை வரி நூற்றுக்கு 10 என்றும், சரக்கு சேவை வரி நூற்றுக்கு 18 என்றும் கொண்டுள்ளோம். விகிதங்கள் அரசின் அறிவிப்பால் மாறத்தக்கவை. ஆதலின் பொருளுக்கு ஆணை கொடுக்கும் வாரத்திலேயே சுங்கத் தரகர் ஒருவரிடம் அவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்க.

வாணிபப் பதிவு உடையவர்க்குச் சில நேர்வுகளில் சரக்கு சேவை வரியைத் தம் கணக்கில் கழித்துக்கொள்ள வழியுண்டு. பதிவில்லாத உழவர்க்கு அது முழுச் செலவே. வணிகர் ஒருவர் 'எனக்கு இவ்வளவுதான் ஆயிற்று' என்று சொல்லும் தொகை நமக்குப் பொருந்தாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. துறைமுகம் முதல் ஊர் வரை

சென்னை, காட்டுப்பள்ளி, தூத்துக்குடி ஆகிய துறைமுகங்களுள் ஒன்றில் பெட்டகம் வந்திறங்குவதாகக் கொள்வோம். அங்கே கையாளும் கட்டணம், சரக்கு நிலையக் கட்டணம், சுங்கத் தரகர் கூலி, கப்பல் முகவரின் கட்டணம் ஆகியவை உண்டு. குறித்த இலவச நாட்களுக்குள் சரக்கை எடுக்காவிடில், தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தண்டம் விழும். காலிப் பெட்டகத்தைத் திருப்பித் தரத் தாமதமானாலும் அவ்வாறே. தாள்களில் ஒரு பிழை இருந்து பத்து நாட்கள் தடைப்பட்டால், அத்தண்டம் ஒரு நல்ல அடித்தளத்தின் செலவுக்கு ஈடாகிவிடக்கூடும். ஆகவே விலைப்பட்டியல், சரக்குப் பட்டியல், கப்பல் ரசீது ஆகியவற்றின் நகல்களைச் சரக்கு புறப்படுமுன்னரே தரகரிடம் காட்டிச் சரிபார்த்தல் நலம்.

அடுத்தது சாலை. நெடுஞ்சாலையில் எளிதாக வரும் லாரி நம் ஊர்த்தெருவின் திருப்பத்தில் திரும்புமா? தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகள் எத்தனை? வாய்க்கால் பாலம் எத்தனை டன் தாங்கும்? கிரேன் நிற்க உறுதியான தரை உண்டா? நெல் நடவு செய்த வயலோரம் கிரேன் இறங்கினால் என்ன ஆகும் என்பது நாம் அறியாததன்று. இவற்றை நேரில் நடந்து பார்த்தே வண்டிக்கூலி பேசவேண்டும்.

6. மனையில் ஆகும் செலவு

'அடித்தளமே வேண்டாம்' என்று விளம்பரம் கூறலாம். அதனை நம்புதல் ஆகாது. மட்டமில்லாத தரையில் வைத்தால் கீல்கள் பிணங்கும், கதவு மூடாது, இணைப்புகளில் மழைநீர் இறங்கும். குறைந்த அளவு கான்கிரீட் தூண்களேனும் ஒரே மட்டத்தில் அமைதல் வேண்டும். கரிசல் மண்ணாயின் அது கோடையில் வெடித்து மழையில் உப்பும் இயல்பினது. அங்கே பொறியாளரின் யோசனையின்றி இறங்குதல் கூடாது.

காற்றையும் கணக்கில் கொள்க. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல் கூரைகளை எவ்வாறு பெயர்த்தெறிந்தது என்பதை டெல்டா மாவட்டத்தார் மறந்திரார். எடை குறைந்த வீட்டை அடித்தளத்தோடு இரும்புப் பிணைப்புகளால் இறுகக் கட்டுதல் இன்றியமையாதது. வெயிலுக்காக மேலே காற்றிடைவெளி விட்டு ஒரு நிழற்கூரை அமைப்பதும் நம் நாட்டுக்குத் தேவை. தகட்டுச் சுவருக்குள் சித்திரை மாதத்தைக் கழிப்பவர் இதன் அருமையை அறிவர். கடலோர ஊர்களில் துருவைத் தடுக்கும் பூச்சுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குதல் வேண்டும்.

மின்சாரத்தில் இரு செய்திகள் உள. ஒன்று, வீட்டின் கம்பிகளும் கருவிகளும் நம் நாட்டு 230 வோல்ட், 50 சுழற்சி மின்சாரத்துக்கு ஏற்றவையா என்பதை ஆணையிலேயே எழுதுதல். அமெரிக்காவுக்கென ஆனவை நமக்குப் பொருந்தா. மற்றொன்று, விவசாயப் பம்புசெட்டுக்கு வழங்கப்படும் இலவச மின்சாரத்தைக் குடியிருப்புக்குப் பயன்படுத்துதல் கூடாது. தோட்டத்து வீட்டுக்குத் தனி இணைப்பு வேண்டும். அதன் கட்டணமும் கம்பச் செலவும் பட்டியலில் வரவேண்டும். குடிநீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டி ஆகியவையும் அவ்வாறே.

நகர்த்தக்கூடிய வீடு என்பதால் அனுமதி வேண்டாம் என்று எண்ணுதலும் பொருந்தாது. நிரந்தரமாகக் குடியிருக்க வைப்பதாயின் கட்டட அனுமதி பற்றி ஊராட்சியில் முன்கூட்டியே கேட்டறிக. விளைநிலமாயின் நில வகை மாற்றம் பற்றியும் கேட்டறிதல் வேண்டும்.

7. ஒரு மாதிரிக் கணக்கு

எமது வட்டாரத்து உழவர் ஒருவர், தோட்டத்தில் தம் மகன் குடும்பம் தங்குவதற்காக இத்தகைய வீடு ஒன்றை வாங்க விரும்பிக் கைப்பேசிப் படத்துடன் எம்மிடம் வந்தார். "ஆறு லட்சம்தான் ஐயா, கரும்புப் பணத்தோடு கொஞ்சம் நகையை வைத்தால் முடித்துவிடலாம்" என்றார். "நகையை வைக்குமுன் ஒரு தாளில் முழுக்கணக்கையும் எழுதிப் பார்த்துவிடுவோம், உட்காருங்கள்" என்றோம். அன்று எழுதிய முறையையே இங்கே தருகிறோம். தொகைகள் எளிதில் விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. சந்தை விலைகள் அல்ல. படிப்பவர் தத்தம் ஊர் விலைகளை இட்டு நிரப்புக.

வீட்டின் எஃப்.ஓ.பி. விலை: ரூ. 6,00,000
கப்பல் கூலி, முழுப் பெட்டகத்துக்கு: ரூ. 1,44,000
காப்பீடு: ரூ. 6,000
சுங்க மதிப்பு: ரூ. 7,50,000

அடிப்படைச் சுங்க வரி, நூற்றுக்கு 10: ரூ. 75,000
சமூக நலக் கூடுதல் வரி, மேற்படி வரியில் நூற்றுக்கு 10: ரூ. 7,500
இதுவரை கூட்டுத்தொகை: ரூ. 8,32,500
சரக்கு சேவை வரி, நூற்றுக்கு 18: ரூ. 1,49,850
வரிகள் சேர்ந்த தொகை: ரூ. 9,82,350

துறைமுகச் செலவும் தரகர் கூலியும்: ரூ. 45,000
லாரி வாடகை: ரூ. 35,000
கிரேன் வாடகை: ரூ. 25,000
அடித்தளம்: ரூ. 90,000
மின்சாரம், குடிநீர், கழிவுநீர்த் தொட்டி: ரூ. 1,20,000
நிழற்கூரையும் பிணைப்புகளும்: ரூ. 80,000
விரித்துப் பொருத்தும் கூலி: ரூ. 20,000
மொத்தம்: ரூ. 13,97,350

எதிர்பாராச் செலவு, நூற்றுக்கு 10: ரூ. 1,39,735
ஆக மொத்தம்: ரூ. 15,37,085

ஆறு லட்சம் பதினைந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அஃதாவது இரண்டரை மடங்கு. விளம்பர விலையில் சதுர அடிக்கு ரூ. 1,500 என்று தோன்றியது, குடிபுகும் நாளில் ரூ. 3,800-க்கு மேலாகிறது. அவ்வுழவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பக்கத்துத் தோட்டத்துக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார், அவரையும் சேர்த்துப் பார்க்கிறேன்" என்று கூறிச் சென்றார்.

அவ்வாறு இருவர் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒரு வீட்டுக்குக் கப்பல் கூலி ரூ. 72,000 ஆகக் குறையும். சுங்க மதிப்பு ரூ. 6,78,000 ஆகும். வரிகள் சேர்ந்த தொகை சுமார் ரூ. 8,88,000. ஆக ஒவ்வொருவருக்கும் ரூ. 94,000-க்கு மேல் மிச்சம். கூலியில் குறைந்தது ரூ. 72,000, எஞ்சியது அக்கூலியின்மேல் விழாமற்போன வரி. கூடிச் செய்யும் தொழிலின் பயன் இதுவே.

8. டாலரும் முன்பணமும்

விற்பவர் கேட்பது டாலர். நாம் கொடுப்பது ரூபாய். நூற்றுக்கு 30 முன்பணம், கப்பலேறிய பின் மீதி 70 என்பது பலரும் கேட்கும் முறை. மேற்கண்ட வீட்டுக்கு மீதி ரூ. 4,20,000. இடைப்பட்ட காலத்தில் டாலரின் மதிப்பு நூற்றுக்கு 5 உயர்ந்தால், அதில் மட்டும் ரூ. 21,000 கூடும். டாலரில் கட்டும் கப்பல் கூலியும், இவற்றின்மேல் வரும் சுங்கமும் உடன் உயரும். எதிர்பாராச் செலவுக்கென நூற்றுக்குப் பத்து ஒதுக்கியதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

அறிமுகமில்லாத வெளிநாட்டு விற்பனையாளர்க்கு முழுப்பணத்தையும் முன்னதாக அனுப்புதல் கூடவே கூடாது. வங்கியின் கடன் உறுதிக் கடிதம் வாயிலாகக் கொடுக்கல் வாங்கல் செய்தால், குறித்த தாள்கள் குறித்தபடி வந்தாலன்றிப் பணம் போகாது. அதற்கு வங்கிக் கட்டணம் உண்டு. ஆயினும் அது காவலுக்குக் கொடுக்கும் கூலி என்று கருதுக.

9. எதனோடு ஒப்பிடுவது?

எந்தச் செலவும் மற்றொன்றோடு ஒப்பிட்டாலன்றி மிகுதியா குறைவா என்று விளங்காது. மூன்று விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுக. ஒன்று, இறக்குமதி வீடு. இரண்டு, நம் நாட்டிலேயே செய்து தரப்படும் பெட்டக வீடு. இதற்குக் கப்பல் கூலியும் சுங்கமும் இல்லை, பழுது நேர்ந்தால் செய்தவரை அழைக்கலாம். மூன்று, உள்ளூர்க் கொத்தனார் கட்டும் செங்கல் வீடு.

தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ. 3,50,000 எனத் தொகை வகுக்கப்பட்டது. அதற்கு மேலும் பயனாளிகள் தம் உழைப்பையும் பணத்தையும் சேர்ப்பதுண்டு. எனினும் நம் ஊரில் ஒரு சிறு வீடு எந்த அளவுப் பணத்தில் எண்ணிப் பார்க்கப்படுகிறது என்பதற்கு அது ஓர் அளவுகோல். மேலும் செங்கல் வீட்டில் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி கொத்தனார், சித்தாள், தச்சர், சூளைக்காரர் ஆகியோர் கைகளில் சேர்ந்து ஊரிலேயே சுழலும்.

அங்ஙனமாயின் இறக்குமதி வீடு எங்கே பொருந்தும்? விரைவு முதன்மையாகவும், இடம் தற்காலிகமாகவும் உள்ள இடத்தில் பொருந்தும். ஐந்தாண்டுக் குத்தகை நிலத்தில் கட்டடம் எழுப்பினால் அதனை விட்டுத்தான் வரவேண்டும். இதனை மடித்து எடுத்துவரலாம். நீண்ட வேலைத்தலத்தில் தொழிலாளர் தங்கவும் உதவும். சொந்த மனையில் தலைமுறைக்கும் நிற்கவேண்டிய வீட்டுக்கு இச்செலவு தகுமா என்பதை வாங்குபவரே தீர்மானிக்க.

10. ஊராட்சி வாங்குவதாயின்

தனியார் பணத்துக்கும் ஊர்ப்பணத்துக்கும் வேறுபாடுண்டு. ஊராட்சி நேரடியாக வெளிநாட்டு விற்பனையாளரிடம் விலை பேசி முன்பணம் அனுப்ப முற்படுதல் கூடாது. ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீடும் தொழில்நுட்ப அனுமதியும் முதலில் வேண்டும். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டத்தைத் தழுவிய முறையிலேயே கொள்முதல் நடைபெற வேண்டும். நம் நாட்டுடன் நில எல்லை உடைய நாடுகளின் ஒப்பந்ததாரர் பற்றி மத்திய அரசு 2020 ஜூலையில் ஆணை பிறப்பித்தது. அதன் இன்றைய நிலையையும் மாவட்ட அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும்.

விலை கேட்கும்போது, 'எம் ஊர் மனையில் நிறுவி, மின்சாரமும் நீரும் இணைத்து ஒப்படைக்கும் விலை, ரூபாயில், எல்லா வரிகளும் உட்பட' என்று கேட்க வேண்டும். அப்பொழுது டாலர் உயர்வும் துறைமுகத் தண்டமும் ஒப்பந்ததாரர் பொறுப்பாகும். ஒரு மழைக்காலம் கடந்து, ஒழுகலில்லை என்று கண்டபின் கொடுக்கும்படி ஒரு பகுதித் தொகையை நிறுத்திவைப்பதும் நன்று.

11. கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

தீர்மானம் எழுதுமுன் பின்வரும் வினாக்களுக்கு விடை காண்க.

அ. சொன்ன விலை எந்த இடம் வரையில்?
ஆ. உள்ளளவில் சதுர அடிக்கு முழுச்செலவு எவ்வளவு?
இ. பெட்டகத்தில் மற்றோர் இடம் காலியாக வருகிறதா? பகிர்ந்துகொள்வார் உண்டா?
ஈ. இன்றைய வரி விகிதம் என்ன? அதனை எழுதிக் கொடுத்தவர் யார்?
உ. லாரியும் கிரேனும் மனை வரையில் வருமா? நேரில் பார்த்தவர் யார்?
ஊ. அடித்தளம், பிணைப்பு, நிழற்கூரை ஆகியவை மதிப்பீட்டில் உள்ளனவா?
எ. பழுது பார்க்க உதிரி உறுப்புகள் எங்கே கிடைக்கும்?
ஏ. இதே பணத்தில் உள்ளூரில் என்ன கட்டலாம்?

இவ்வெட்டுக்கும் விடை தாளில் ஏறிய பின்னும் வாங்குவதே தக்கது என்று தோன்றினால், மனம் கலங்காமல் வாங்கலாம். ஒன்றுக்கேனும் விடை கிடைக்கவில்லையாயின், அவ்விடை கிடைக்கும் வரையில் முன்பணத்தை வங்கியிலேயே விட்டுவைப்பது உழவர்க்கும் ஊராட்சிக்கும் நன்மை பயப்பதாகும்.